ஆறாத வலியும் ஆராய்ச்சியும்

நான் டாக்டர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கல்கத்தாவில் ஒரு அரசு அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெல் விளைச்சல், சணல் விலை என்று எண்களோடு காலம் தள்ளியவன். மருத்துவக் கட்டுரை எழுத இவருக்கு என்ன தகுதி என்று சங்கத்து நண்பர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. என் மனைவியின் வலது முழங்கால்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. நம் குடும்பங்களில் முழங்கால், இடுப்பு, முதுகு என்று ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் அதிகமாகி வருவதால், நான் கற்றுக்கொண்டதை எழுதி வைத்தால் யாருக்காவது பயன்படலாம் என்று தோன்றியது.

எக்ஸ்ரேயில் தெரியாத வலி

2022 ஜனவரியில் அவளுக்கு முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. காயம் நன்றாக ஆறியது. கால் நன்றாக மடங்கியது. எக்ஸ்ரேயைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். வலி மட்டும் போகவில்லை. மூன்றாம் மாதம் கேட்டபோது, "எல்லாம் சரியாக இருக்கிறது, போகப் போகச் சரியாகும்" என்றார்கள். ஆறாம் மாதமும் அதே பதில். அதற்குப் பிறகு அவள் வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பையன் பணம் அனுப்பிச் செய்த ஆபரேஷன் ஆயிற்றே, குறை சொன்னால் அவன் மனசு கஷ்டப்படுமே என்பது அவள் கணக்கு. வலி போய்விட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், சமையலறையில் நாற்காலி போட்டு, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி பட்டால் தாங்கவில்லையாம்.

அன்று தொடங்கியது என் படிப்பு.

இது எத்தனை பேருக்கு வருகிறது?

முதலில் தெரிந்துகொண்டது, இது அவளுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல என்பது. 1998ல் பிரிட்டனில் பத்து வலி மருத்துவ நிலையங்களுக்கு வந்த 5130 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, வலிக்குக் காரணங்களில் ஒன்றாக அறுவைச் சிகிச்சையே இருந்தது. நோயைத் தீர்க்கச் செய்யும் ஆபரேஷனே நீண்ட வலிக்குக் காரணமாகலாம் என்பதை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். 2006ல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு கட்டுரை, சாதாரணமாகச் செய்யப்படும் பல ஆபரேஷன்களுக்குப் பிறகு நூற்றுக்கு 10 முதல் 50 பேருக்கு வலி தங்குகிறது என்றும், அது கடுமையாக இருப்பது 2 முதல் 10 பேருக்கு என்றும் தொகுத்துக் கூறியது. முழங்கால் மாற்றைப் பொறுத்தவரை, 2012ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் நூற்றுக்கு 10 முதல் 34 பேர் வரை நீண்ட கால வலியைத் தெரிவித்திருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் தாண்டியும் வலி இருந்தால் அதற்கு இன்று தனிப் பெயரே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் அது இடம் பெற்றிருக்கிறது. ஆகவே "எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, வலி உங்கள் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால், அதை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

வலி ஏன் தங்கிவிடுகிறது?

குழந்தை கீழே விழுந்தால் அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிடுகிறோம், அழுகை குறைகிறது. ஏன்? 1965ல் மெல்ஸாக், வால் என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசற்கதவு போன்ற அமைப்பு இருக்கிறது. வலிச் செய்தி அந்த வாசல் வழியாகத்தான் மூளைக்குப் போக வேண்டும். தொடு உணர்ச்சி அந்தக் கதவைச் சற்றே சாத்துகிறது. மூளையிலிருந்து இறங்கிவரும் செய்திகளும் அதைத் திறக்கலாம், சாத்தலாம். இந்தக் கொள்கையின் நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன. ஆனாலும், வலி என்பது கம்பி வழியே போகும் மின்சாரம் போல நேராகப் போவதில்லை, வழியில் கூடவும் குறையவும் செய்யும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

ஆபரேஷனில் தோலை வெட்டும்போது சின்னச் சின்ன நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. பெரும்பாலோருக்கு அதனால் ஓரிடம் மரத்துப்போவதோடு சரி. சிலருக்கு வெட்டுப்பட்ட நரம்பு நுனி, காரணமில்லாமலே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். தண்டுவடமும் கூச்சம் கண்டுவிடுகிறது. அதன்பின் பஞ்சு பட்டால்கூட நெருப்புப் பட்டதுபோல் இருக்கும்.

யாருக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே நெடுநாள் வலி இருந்தவர்கள், ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் கடுமையான வலி பட்டவர்கள், மிகவும் பயந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. "பல்லைக் கடிச்சுண்டு பொறுத்துக்கோ" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவரிடம் நாம் சொல்லும் உபதேசத்தை இனி நிறுத்திக்கொள்ளலாம். வலி இருந்தால் நர்ஸிடம் அப்போதே சொல்ல வேண்டும்.

ஊசி வைத்தியம்

மாத்திரைக்கும் மறுபடி ஆபரேஷனுக்கும் நடுவே ஒரு வைத்தியம் இருக்கிறது. எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி, வலி புறப்படும் இடத்துக்கே ஊசியைக் கொண்டுபோவது. பெரும்பாலும் மயக்க மருந்து நிபுணர்கள்தான் இதில் பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள். இதில் முக்கியமானவை நான்கு. நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து செலுத்துவது ஒன்று. முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே ஸ்டீராய்டு மருந்து செலுத்துவது இரண்டாவது. ஊசி நுனியை ரேடியோ அலையால் ஏறத்தாழ 80 டிகிரிக்குச் சூடாக்கி, வலி கடத்தும் சிறு நரம்பைச் சுட்டுவிடுவது மூன்றாவது. சுட்ட நரம்பு பல மாதங்களில் மறுபடி வளர்ந்துவிடும் என்பதால் இது நிரந்தரத் தீர்வு அல்ல. தண்டுவடத்தின் அருகே மெல்லிய கம்பி வைத்துச் சிறு மின்துடிப்புக் கொடுப்பது நான்காவது. இதை 1967ல் அமெரிக்காவில் ஷீலி என்பவர் முதன்முதலில் செய்தார். மேலே சொன்ன வாசற்கதவுக் கொள்கையிலிருந்து பிறந்த வைத்தியம் இது.

நாங்கள் முதலில் போன இடத்தில் பத்தே நிமிஷத்தில் மூன்றாவது வைத்தியத்தைப் பரிந்துரைத்தார்கள். முழங்காலைச் சுற்றியுள்ள மூன்று நரம்புகளைச் சுட வேண்டும், அடுத்த வாரமே வாருங்கள், தொகை இவ்வளவு என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தார்கள். நூற்றுக்கு எண்பது பேருக்குக் குணமாகிறது என்றும் சொன்னார்கள். என் அலுவலகப் புத்தி விழித்துக்கொண்டது. எண்பது பேர் சரி. எதோடு ஒப்பிட்டு எண்பது?

குணமானது எதனால்?

இந்த இடத்தை வாசகர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

மே மாதம் கல்கத்தா வெயில் 41 டிகிரியைத் தொடும் நாளில், தாங்க முடியாமல் நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று வையுங்கள். அடுத்த சில நாட்களில் காலபைசாகி அடித்து வெப்பம் குறையும். தேங்காயால்தான் குறைந்தது என்று நான் சொல்லலாம். ஆனால் மிக அதிகமான அளவை எட்டிய எதுவும் தானாகவே சற்று இறங்கத்தான் செய்யும். வலியும் ஏறி இறங்குவது. நாம் ஊசிக்குப் போவது வலி உச்சத்தில் இருக்கும் நாளில். ஆகவே ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த மாதம் சராசரியாகக் குறைந்தே இருக்கும். இதோடு நம்பிக்கை தரும் ஆறுதலும் சேர்ந்துகொள்கிறது.

இந்த இரண்டையும் கழித்துவிட்டு மருந்தின் பலனை மட்டும் தெரிந்துகொள்ள ஒரே வழி, போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவதுதான். நோயாளிகளின் சம்மதத்தோடு, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதிக்கு உண்மையான சிகிச்சை, மறுபாதிக்கு அதே போன்ற நாடகம். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது.

இப்படிச் சோதித்ததில் பல நம்பிக்கைகள் ஆட்டம் கண்டன. எலும்பு தேய்ந்து முதுகெலும்பு நொறுங்கினால் அதற்குள் எலும்புச் சிமெண்ட் செலுத்தும் முறை 1984ல் பிரான்ஸில் தொடங்கி உலகமெங்கும் பரவியது. படுத்துக்கொண்டு வந்தவர் நடந்து போகிறார் என்று டாக்டர்களே கண்ணால் கண்டு சாட்சி சொன்னார்கள். 2009ல் இரண்டு சோதனைகள் வெளியாயின. ஒன்றில் 131 பேர், மற்றொன்றில் 78 பேர். போலிக் குழுவினருக்கும் முதுகு மரத்துப்போக ஊசி போட்டார்கள். சிமெண்டைத் திறந்து அதன் வாடை அறையில் பரவும்படிகூடச் செய்தார்கள். உள்ளே செலுத்தவில்லை, அவ்வளவுதான். முடிவு? இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். டாக்டர்கள் கண்ணால் கண்டது பொய்யல்ல; நோயாளிகள் எழுந்து நடந்தது உண்மை. காரணம் சிமெண்ட் என்று எண்ணியதுதான் தவறு.

இடுப்புத் தண்டுவடக் குழாய் சுருங்கியவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி பற்றி 2014ல் 400 பேரிடம் நடந்த அமெரிக்கச் சோதனையிலும், மரத்துப்போகும் மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்ததால் ஆறு வாரத்தில் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை.

அப்படியானால் எல்லாம் ஏமாற்றா?

அப்படி நான் முடிவு கட்டியிருந்தால் அதுவும் தவறாகியிருக்கும். 1996ல் ஆஸ்திரேலியாவில் 24 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. கார் விபத்துக்குப் பின் தீராத கழுத்து வலி உள்ளவர்கள். பாதிப் பேருக்கு ஊசி நுனியை 80 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். மறுபாதிக்கு அதே ஊசி, அதே இடம், ஆனால் 37 டிகிரி, அதாவது உடம்புச் சூடுதான். வலி பழைய அளவில் பாதிக்குத் திரும்ப எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்தார்கள். போலிக் குழுவில் நடுமதிப்பு 8 நாள். உண்மைக் குழுவில் 263 நாள். 24 பேர்தான் என்றாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

ஆனால் 2017ல் நெதர்லாந்தில் இடுப்பு வலிக்காரர்கள் 681 பேரிடம் மூன்று சோதனைகளாகச் செய்து, உடற்பயிற்சியோடு இந்த நரம்புச் சூட்டைச் சேர்த்ததால் சொல்லிக்கொள்ளும்படியான கூடுதல் பலன் இல்லை என்று அறிவித்தார்கள். ஒரே முறை, இரண்டு முடிவு. ஏன்?

இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது ஒன்று தெரிந்தது. ஆஸ்திரேலியாக்காரர்கள் ஊசி போடுவதற்கு முன் ஆளைத் தேர்ந்தெடுக்கவே பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். எந்த நரம்பு வலியைக் கடத்துகிறது என்பதை, மரத்துப்போகும் மருந்தாலும் வெறும் உப்பு நீராலும் பலமுறை சோதித்து உறுதி செய்த பிறகே சுட்டிருக்கிறார்கள். நெதர்லாந்துச் சோதனைகளில் தேர்வு அவ்வளவு கடுமையாக இல்லை என்பதும், சுட்ட முறையும் போதாது என்பதும் விமரிசகர்கள் சொன்ன குறை. வழக்கு இன்னும் முழுமையாகத் தீரவில்லை. ஆனாலும் எனக்குக் கிடைத்த பாடம் இது: ஊசி நல்லதா என்று கேட்பதற்கு முன், இந்த வலி எந்த நரம்பின் வலி என்று கேட்க வேண்டும்.

'ப்யதா' என்ற ஒரே சொல்

இரண்டாவதாக நாங்கள் பார்த்தது ஒரு இளம் வங்காளிப் பெண் டாக்டரை. "மாசிமா, எந்த மாதிரி வலி?" என்று கேட்டார். என் மனைவி நாற்பது வருஷமாக லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் அளவுக்கு வங்காளம் பேசுவாள். வலிக்கு அவளுக்குத் தெரிந்தது 'ப்யதா' ஒன்றுதான். நான் முந்திக்கொண்டு, "ரொம்ப ப்யதா" என்றேன்.

"அது வலியில்லைங்க" என்று அவள் என்னிடம் தமிழில் சொன்னாள். "எத்தனை தடவை சொல்றது? எரிச்சல். மிளகாய் அரைச்ச கையை வச்ச மாதிரி. புடவை பட்டா சுரீர்னு இழுக்குது. உள்ளுக்குள்ள குடையறது முன்னால இருந்தது, அது ஆபரேஷனோட போயிடுச்சு."

உண்மையில் அவள் எத்தனை தடவையோ சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் நான் 'வலி' என்றே காதில் வாங்கி, 'பெயின்' என்றும் 'ப்யதா' என்றும் மொழிபெயர்த்து டாக்டர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், விண்விண்ணென்று தெறிப்பது என்று நம் மொழியில் எத்தனை சொற்கள்! இவை வெறும் அலங்காரம் அல்ல. 1975ல் மெல்ஸாக் வெளியிட்ட புகழ்பெற்ற வலி வினாத்தாள், இத்தகைய சொற்களை வகைப்படுத்தியே அமைந்தது. எரிச்சலும் சுரீரும் நரம்புக் காயத்தின் அடையாளம். குடைச்சலும் கடுப்பும் பெரும்பாலும் மூட்டு, தசை வலியின் அடையாளம்.

நான் மொழிபெயர்த்ததும் டாக்டர் பஞ்சை எடுத்து முழங்காலைச் சுற்றி மெல்லத் தடவினார். வடுவின் உட்புறம், முழங்கால் சில்லுக்குக் கீழே ஓரிடத்தில் அவள் துள்ளினாள். விரலால் தட்டியபோது மின்சாரம் பாய்ந்ததுபோல் வெளிப்பக்கம் ஓடிற்று. அங்கே ஒரு தோல் நரம்பின் கிளை குறுக்கே போகிறது. முழங்கால் ஆபரேஷனில் அது வெட்டுப்படுவது சகஜம். முதல் இடத்தில் சுடச் சொன்ன மூன்று நரம்புகள் வேறு. அவை மூட்டுக்குப் போகிறவை. அவற்றைச் சுட்டிருந்தால் பணம் போயிருக்கும், எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

டாக்டர் அவசரப்படவில்லை. ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை அந்தச் சிறு நரம்பை மரத்துப்போகச் செய்தார். ஒருமுறை சீக்கிரம் தெளியும் மருந்து, ஒருமுறை நெடுநேரம் நிற்கும் மருந்து. எது எப்போது என்று எங்களிடம் சொல்லவில்லை; அப்படிச் சொல்லாமல் செய்யலாமா என்று மட்டும் முன்கூட்டியே சம்மதம் கேட்டுக்கொண்டார். முதல் தடவை நிம்மதி இரண்டு மணி நேரம் நீடித்தது. இரண்டாம் தடவை இரவுச் சாப்பாடு வரை. மருந்தின் கணக்கும் அவள் சொன்ன கணக்கும் பொருந்தின. ஒரு புள்ளிவிவரக்காரன் இதைவிட அழகான சோதனையை வீட்டு வாசலில் எதிர்பார்க்க முடியாது.

நோட்டுப் புத்தகம்

பிறகு நரம்பு வலிக்கான மாத்திரை குறைந்த அளவில் இரவில் ஒன்று; தினமும் பஞ்சு, பட்டுத்துணி, துண்டு என்று வரிசையாகத் தேய்த்துக் கூச்சம் போக்கும் பயிற்சி; மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் ஒரு ஊசி. தினமும் இரவு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுதச் சொன்னேன். தொடக்கத்தில் 7. ஊசிக்குப் பின் ஒரு மாதத்தில் 3.

ஊசியின் வெற்றி என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால், ஊசிக்கு முந்தைய நாலு நாட்களிலேயே 6, 6, 5, 5 என்று இறங்கத் தொடங்கியிருக்கிறது. மாத்திரையா, தேய்த்ததா, ஊசியா, அல்லது ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டதா? ஒரே ஒருவரின் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. 2022ல் பிரிட்டனில் வெளியான ஒரு சோதனை இங்கே நினைவுக்கு வருகிறது. முழங்கால் மாற்றி மூன்று மாதமாகியும் வலி தீராத 363 பேர். ஒரு பகுதியினருக்கு ஒரு மணி நேரம் முழுமையாகப் பரிசோதனை, வலியின் வகைக்கேற்ப உரிய நிபுணரிடம் அனுப்புதல், ஒரு வருஷத்தில் ஆறு தடவை வரை டெலிபோனில் விசாரிப்பு. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. வருஷ முடிவில் முதல் பகுதியினருக்கு வலி சற்றுக் குறைவாக இருந்தது. பெரிய வித்தியாசம் அல்ல. ஆனால் உண்மையான வித்தியாசம்.

"உங்க கணக்கு எப்படியும் போகட்டும், நவராத்திரிக்குப் படி நான்தான் கட்டுவேன்" என்றாள் அவள். கட்டினாள். மேல்படியில் பொம்மை வைக்க மட்டும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டாள். தரையில் உட்கார இன்றும் முடியவில்லை. குளிர்காலத்தில் 4, 5 என்று ஏறுகிறது.

நாம் கேட்க வேண்டியவை

ஊசி வைத்தியம் சொன்னால் டாக்டரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்:

1. இந்த வலி எந்த நரம்பிலிருந்து, எந்த மூட்டிலிருந்து வருகிறது? அதை எப்படி உறுதி செய்தீர்கள்?

2. மரத்துப்போகும் மருந்தால் முதலில் சோதித்துப் பார்ப்பீர்களா?

3. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆராய்ச்சி உண்டா? பலன் எத்தனை மாதம் நிற்கும்?

4. என்ன ஆபத்து? சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். 2012ல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு ஊசியால் 700க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஊசி சிறியதானாலும் சுத்தம் பெரிது.

மூட்டு மாற்றிய இடத்தில் காய்ச்சலோடு சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு இருந்தால் வலி நிலையத்துக்குப் போகாமல் உடனே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போக வேண்டும். முதுகு வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, ஒருநாள்கூடத் தாமதிக்கக்கூடாது.

கடைசியாக ஒன்று. வேற்று மொழி ஊரில் நம் வீட்டுப் பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, முதல்நாள் இரவே அவர்களை உட்காரவைத்து, வலி எப்படி இருக்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லும் தமிழ்ச் சொல்லை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எரிகிறதா, குடைகிறதா, குத்துகிறதா, தொட்டால் கூசுகிறதா. எந்த நேரத்தில், எந்த இடத்தில். பிறகு மொழிபெயர்க்கலாம். நான் இதைச் செய்ய எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். நீங்கள் எட்டு நிமிஷத்தில் செய்துவிடலாம்.